கீற்றுக் கண்ணாடியில் ஒரு மனிதச் சூடு

சாஜிதா எனக்கு ஓர்ப்படியாள். என் வீட்டுக்காரர் ஸூஃபருடைய அண்ணன் கஷ்ஷாஃபைக் கட்டியவள். அதற்கு முன்பே வேறொரு வழியிலும் சொந்தம் உண்டு. என் தாயாரின் தம்பி அர்ஸ்க் ஊர்ப் பக்கத்தில் இரண்டாம் தாரமாகக் கட்டினாரே, அந்தப் பெண்ணின் அக்காள் மகள் வயிற்றுப் பிள்ளை இவள். அப்படிப் பார்த்தால் எனக்கு மகள் முறை ஆக வேண்டும். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன அன்றே இதைச் சொன்னேன். "முறையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ என்னை அக்கான்னு கூப்பிடு, நான் உன்னை வேலை வாங்கிக்கறேன்" என்றாள். அவள் சாகும்வரை அப்படித்தான் நடந்தது.

ஆள் பருமன். ஆனால் நடை பூனை நடை. பின்னால் வந்து நின்றால் தெரியாது. எத்தனை முறை நான் பால் பாத்திரத்தைக் கை நழுவ விட்டிருக்கிறேன் தெரியுமா. "மனுஷியா பிசாசா, ஒரு இருமல் இருமிட்டு வரக்கூடாதா?" என்று கத்துவேன். அவள் சிரிப்பாள். அந்த நடை பிறவியில் வந்ததல்ல. கஸான் நகரத்தில் அவள் வேலை பார்த்த கண்ணாடிக் கருவித் தொழிற்சாலையில் கற்றுக்கொண்டது. அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அந்த நடைதான். கம்பளிக் காலணி, குதிகால் தரையில் படாது.

அங்கே கீற்றுக் கண்ணாடி செய்தார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் அலுமினியத்தை ஆவியாக்கி மெல்லிய பூச்சாகப் படிய விடுவார்கள். அந்தப் பூச்சில் வைர முனையால் கோடு கிழிக்கும் ஒரு எந்திரம். ஒரு கோடு கிழிக்கும், முனையைத் தூக்கும், திரும்பி வரும், பலகை கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும், அடுத்த கோடு. ஒரு மில்லிமீட்டருக்குள் அறுநூறு கோடு. பெரிய பலகை என்றால் நாள்கணக்கில் ஓடும். கஷ்ஷாஃப் அந்த எந்திரத்தின் ஆள்.

எந்திரம் நிலவறையில், கட்டடத்தின் அஸ்திவாரத்தோடு ஒட்டாத தனிக் கல் மேடையில் இருந்தது. பலகையை நகர்த்துவது ஒரே ஒரு பெரிய திருகாணி. அறையில் சூடு இம்மி ஏறினாலும் திருகாணி நீளும், கோடு தள்ளி விழும். அதனால் கதவைச் சாத்தி, எந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு, அறை ஒரே சூட்டுக்கு வந்து அடங்கிய பிறகுதான் வைரத்தை இறக்குவார்கள். இறக்கிவிட்டால் உள்ளே யாரும் போவதில்லை. ஒரு ஆள் உள்ளே போவதும் ஒரு அடுப்பு உள்ளே போவதும் ஒன்று. கஷ்ஷாஃப் வெளியறையில் உட்கார்ந்து, காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, வைரம் உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். அங்கேயே ஒரு கட்டிலும் உண்டு.

என் வீட்டுக்காரர் ஓட்டியது டிராம். அவருடைய தடம் அந்தத் தொழிற்சாலைச் சுவரை ஒட்டித் திரும்பும். அண்ணன் தம்பி இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அந்தச் சண்டைதான்.

"உன் டிராம் வளைவுல திரும்புறப்பல்லாம் என் கண்ணாடியில பேய் ஏறுதுடா."

கோடு இடம் மாறி விழுந்தால், இல்லாத இடத்தில் ஒரு பொய் வெளிச்சம் தெரியுமாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பேய்.

"ஊர் சனம் வேலைக்குப் போகணுமா, உன் கண்ணாடி நல்லா இருக்கணுமா, அத முதல்ல சொல்லுண்ணே."

"ரெண்டும்தான். மெதுவா திருப்பு."

"மெதுவாத்தான் திருப்பறேன். பின்னாடி இருக்கற கிழவிங்க திட்டுதுங்க. டிராம் ஓட்டறியா, ஜனாஸா தூக்கிட்டுப் போறியான்னு."

சாஜிதா தேநீரில் பால் ஊற்றியபடியே, "வெறுங்கோடு போடறதுக்கு அண்ணனும் தம்பியும் ஊரையே நிறுத்திடுவீங்க போல" என்பாள்.

ஒருநாள் ஸூஃபர் விடாப்பிடியாகக் கேட்டார். "கோடு போட்டா வெளிச்சம் ஏன் நிறம் நிறமாப் பிரியுது? அதச் சொல்லு, நான் டிராமத் தோள்ல தூக்கிட்டுப் போறேன்."

கஷ்ஷாஃப் ரொட்டித் துண்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். "இதெல்லாம் கோடு. ஒவ்வொரு கோடும் தன் மேல விழுந்த வெளிச்சத்த நாலா பக்கமும் தெறிக்க விடும். இந்தக் கோட்டோட வெளிச்சமும் பக்கத்துக் கோட்டோட வெளிச்சமும் உன்கிட்ட வருதுன்னு வை. ஒருத்தன் கொஞ்சம் கூடுதலா நடந்து வரணும். அந்தக் கூடுதல் சரியா ஒரு எட்டா இருந்தா ரெண்டு பேரும் கால் சேர்ந்து வந்து நிப்பானுங்க, வெளிச்சம் பெருகும். அரை எட்டா இருந்தா ஒருத்தன் தூக்கறப்ப இன்னொருத்தன் ஊனுவான். ஒண்ண ஒண்ணு அழிச்சிடும், இருட்டுதான்."

"சரி, நிறம் எங்கேருந்து வந்துச்சு?"

"சிவப்புக்கு நீளக் காலு. ஊதாவுக்குக் குட்டைக் காலு. எட்டு வேற வேற. அதனால சிவப்பு கால் சேர்ற திசை ஒண்ணு, ஊதா சேர்ற திசை இன்னொண்ணு. இப்படி ஆயிரம் ஆயிரமாக் கோடு ஒரே தாளத்துல நடந்தா ஒவ்வொரு நிறமும் கத்தி மாதிரி தனித்தனியா நிக்கும்."

"நடுவுல ஒரு கோடு தப்பினா?"

"உன் கல்யாணத்துல நீ ஆடின மாதிரி இருக்கும்."

நான் தேநீரைத் துப்பிவிட்டுச் சிரித்தேன். ஸூஃபருக்கு இரண்டு நாள் கோபம்.

பெருமை பேசாத மனிதர்தான். கண்ணாடி எங்கே போகிறது என்று கேட்டால் மட்டும் முகம் மலரும். ஒன்று உருக்காலைக்குப் போனது. கொதிக்கும் இரும்பில் ஒரு பொறி போதும், அதன் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்து உள்ளே என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். இன்னொன்று மலைமேல் தொலைநோக்கிக்கு. "நட்சத்திரத்துல என்ன எரியுதுன்னு யாரு போய்ப் பாக்கறது? எரியற எதுவும் தன் பேர மறைக்க முடியாது. கோடு மட்டும் சரியா இருக்கணும்" என்பார்.

கோடு சரியில்லாத கண்ணாடி சாஜிதாவிடம் வரும். அவள் வேலை அதுதான். தள்ளுபடியான பலகைகளைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டு, அலுமினியத்தைக் கரைத்து, கண்ணாடியைத் திரும்பப் பளிங்காக்கித் தருவாள். "நீங்க கிழிக்கறத நான் அழிக்கறேன்" என்று புருஷனைச் சீண்டுவாள்.

பிள்ளை இல்லை. இரண்டு தரம் உண்டாகி நிலைக்கவில்லை. அதை அவர்கள் பேசுவதில்லை, நானும் நீட்டப் போவதில்லை.

பெரிய பலகைகளை விடுமுறை நாளில்தான் கிழிப்பார்கள். அன்றைக்குத்தான் பக்கத்துப் பட்டறையின் அழுத்து எந்திரங்கள் ஓடாது, லாரி வராது. எனவே ஊருக்கெல்லாம் மே தினம் என்றால் அவர்கள் வீட்டில் கண்ணாடி. அவர் நிலவறையில் இருப்பார், இவள் சாப்பாட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் வெளிக்கதவருகே வைத்துவிட்டு வருவாள். கதவைத் தட்டக்கூடாது. தட்டினால் அது கண்ணாடியில் விழும். அவர் வெளியே வரும்போது எடுத்துக்கொள்வார்.

அந்த வருஷம் மே முதல் தேதி. ஊர்வலத்துக்காக டிராமைக் கூட வேறு தெருவுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அறையின் பக்கம் அவ்வளவு அமைதி வாய்த்ததே இல்லை என்று கஷ்ஷாஃப் முதல் நாள் சந்தோஷப்பட்டிருக்கிறார். துணையாளை ஊர்வலத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத்தான் இருந்தார். சாஜிதா அதிகாலையிலேயே உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடைத்த எச்போச்மக் சுட்டு, சூடு ஆறாமல் சால்வையில் சுற்றிக்கொண்டாள். நானும் கூடப் போனேன். வாசல் காவலரோடு பேசிக்கொண்டு நின்றேன். தெரு ஒலிபெருக்கியில் மாஸ்கோ மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்தது. அப்போதுதான் அவள் நிலவறைப் படியில் இறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். முகத்தில் சிரிப்பு. "கதவுல காத வச்சுக்கூட பாத்தேன். ஒரு சத்தம் இல்ல. வேலை நல்லா ஓடுது போல" என்றாள்.

பிறகு இருவரும் என் வீட்டுக்குப் போய், பெண்கள் நாலு பேர் சேர்ந்து பாடிக்கூடக் கொண்டாடினோம்.

மறுநாள் காலை புது மூட்டையோடு தனியாகப் போயிருக்கிறாள். முதல் நாள் மூட்டை வைத்த இடத்திலேயே, வைத்த முடிச்சோடு இருந்திருக்கிறது. அவள் கதவைத் தட்டவில்லை. கத்தவும் இல்லை. காவலரைக் கூப்பிடப் படியேறி ஓடினாள். அப்போதும் நுனிக்காலில்தான் ஓடினாளாம். காவலர் பிற்பாடு என்னிடம் இதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

கஷ்ஷாஃப் உள்ளறையில் கிடந்தார். காதுக் கருவியில் வைரத்தின் சத்தம் ஏதோ மாறிக் கேட்டிருக்க வேண்டும், பார்க்கப் போயிருக்கிறார். கம்பளிக் காலணியைக்கூடக் கழற்றி வாசலில் வைத்திருந்தார். எந்திரத்தின் மேல் விழாமல் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்திருந்தார். எந்திரம் அப்போதும் கோடு கிழித்துக்கொண்டிருந்தது.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். "ஒரு நொடி. அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார். அந்த ஒரு நொடியை எங்கள் சொந்தம் முழுவதும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வந்தவர் போனவர் எல்லோரும், அல்லாஹ் லேசான மரணம் கொடுத்தான் என்றார்கள்.

ஏழாம் நாள் குர்ஆனின் யாசீன் அத்தியாயம் ஓதி, சாப்பாடு முடிந்து, வெளியாட்கள் போன பிறகுதான் சாஜிதா வாயைத் திறந்தாள்.

"நான் கதவுகிட்ட நின்னப்ப அவர் உயிரோட இருந்தாரா?"

ஸூஃபர் தட்டை அப்படியே வைத்தார். "அண்ணி, டாக்டர்தான் சொல்லிட்டாரே."

"டாக்டர் மறுநாள் வந்து பாத்தார். கண்ணாடி அப்பவே பாத்துட்டு இருந்துச்சு."

எனக்குப் புரிய நேரமாயிற்று. மனிதச் சூடு கோட்டை நகர்த்தும். எந்திரம் ஒரே வேகத்தில் ஓடும், ஆகவே பலகையின் ஒவ்வொரு இடமும் ஒரு நேரம். உயிருள்ள உடம்பின் சூடு ஒரே நிலையில் நிற்கும். உயிர் போனால் இறங்கும். எல்லாம் அந்த அலுமினியத்தில் விழுந்திருக்கும்.

"தெரிஞ்சு என்ன செய்யப் போற, அக்கா? வேண்டாம்" என்றேன்.

"அந்தக் கண்ணாடி கழிவுன்னு எழுதியாச்சு. என் தொட்டிக்குத்தான் வரும். வந்தா நான் கழுவணும். கழுவிட்டா அப்புறம் கேக்க ஆளில்ல."

"கேக்காம கழுவிடுங்க அண்ணி. உங்க கால்ல விழறேன்" என்றார் ஸூஃபர்.

"நீ விழ வேண்டாம். விழுந்தது போதும் இந்த வீட்டுல."

மறுநாள் அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் போனேன். கண்ணாடிகளைப் பார்த்துத் தேர்வு செய்பவர் லீதியா ஸக்காரவ்னா என்ற ருஷ்யப் பெண்மணி. ஒற்றைநாடி உடம்பு, ஓயாத சிகரெட், கல்யாணம் இல்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் கோடாரி என்பார்கள். எங்களைக் கண்டதுமே, "கேக்காத சாஜிதா" என்றார்.

"அப்ப நீங்க பாத்துட்டீங்க."

"பாக்கறதுதான் என் வேலை. வெப்பப் பிழை, கழிவுன்னு எழுதிட்டேன். அதுக்கு மேல யாருக்கும் வேண்டியதில்ல."

"எனக்கு வேணும். இத்தன வருஷமா நீங்க தள்ளினத நான் கழுவறேன். ஒரு தடவையாவது கெட்டத நல்லதுன்னு சொன்னதுண்டா? எங்க வீட்டுக்காரர் போட்டதுன்னு கூடத் தயவு பாக்க மாட்டீங்க. இன்னைக்கு மட்டும் ஏன் தயவு?"

லீதியா சிகரெட்டை நசுக்கி அணைத்தார். கதவைச் சாத்தினார். பலகையை எடுத்து விளக்குக்கு எதிரே ஒரு கருவியில் வைத்தார். திரையில் கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக நிழல் விழுந்தது. கோடுகள் சரியாக இருந்தால் அந்த வரிகள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்குமாம்.

"இது காலைல. நேரா இருக்கு. நல்ல வேலை." பென்சில் நகர்ந்தது. "இங்க ஒரு உலுக்கல்."

"விழுந்தாரா?"

"விழுந்தார். அதுக்கப்புறம் பாரு, வரி வளையுது. வளைஞ்சு அப்படியே நிக்குது."

"நிக்குதுன்னா?"

"சூடு குறையலன்னு அர்த்தம்."

"பன்னண்டு மணி எது?"

லீதியாவின் பென்சில் பிடித்த கை நகரவில்லை. சாஜிதா காத்திருந்தாள். கடைசியில் பென்சில் முனை திரையில் ஓரிடத்தைத் தொட்டது. எனக்குப் படிப்பு ஏழாவதோடு சரி. ஆனாலும் தெரிந்தது. வளைந்த வரி அந்த இடத்துக்கு இந்தப் பக்கமும் வளைந்துதான் இருந்தது, அந்தப் பக்கமும் வளைந்துதான் இருந்தது. திரும்பி நேராகத் தொடங்குவது வெகுதூரம் தள்ளி.

"அது?"

"சாயங்காலம்."

சாஜிதா முக்காட்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "நான் வந்தது இதுல தெரியுதா?"

லீதியா உருப்பெருக்கியில் குனிந்து நெடுநேரம் தேடினார். தேடுகிறாரா, நிமிர மனமில்லாமல் இருக்கிறாரா என்று தெரியவில்லை.

"இல்ல. மயிரிழைகூட அசங்கல. நீ வந்து போனதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

"அவர் தட்டினாரா? சுவத்துல, தரையில?"

"விழுந்த உலுக்கலுக்கு அப்புறம் ஒரு அதிர்வும் கிடையாது. நினைவில்லாமக் கிடந்திருப்பார், சாஜிதா. அப்படித்தான் இருக்கும்."

"நினைவோட கிடந்திருந்தாலும் தட்டியிருக்க மாட்டார். அவர எனக்குத் தெரியாதா?" பலகை பக்கம் திரும்பினாள். "விழுந்த அந்த உலுக்கல்லயே கண்ணாடி கெட்டுப் போச்சுல்ல?"

"அப்பவே கழிவு."

"கெட்டுப் போன கண்ணாடிக்காக அவர் உள்ள சத்தம் காட்டாமக் கிடந்திருக்கார். நான் வெளிய சத்தம் காட்டாம நின்னுருக்கேன்."

கோடாரி என்று பேர் எடுத்த அந்த அம்மாள் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பலகையைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி நீட்டினார். "எடுத்துட்டுப் போ. உடைஞ்சு போச்சுன்னு எழுதிடறேன்."

அதுவரை பொய் எழுதியறியாத கை அது. சாஜிதா வாங்கினாள். துணியை விலக்கி ஜன்னல் பக்கம் சாய்த்தாள். வெயில் அதில் பட்டு, சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக அவள் மேலங்கி முழுக்கக் கொட்டியது. முகத்திலும் விழுந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகலாம் அக்கா என்று அவள் முழங்கையைத் தொட்டேன்.

"எதுக்கு? எங்கே மாட்டறது? தினம் காலைல வெயில் வந்து விழுறப்ப பன்னண்டு மணி எதுன்னு தேடிட்டு உக்காந்திருக்கவா?"

நேரே தன் அறைக்குப் போனாள். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டாள். தொட்டியில் பலகையைச் சாய்த்து இறக்கினாள். உடனே நுரை பொங்கிற்று. அலுமினியம் கரையும்போது ஒரு சீற்றம் கேட்கும். அது அடங்கும்வரை அங்கேயே நின்றாள். எடுத்தபோது கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. வழக்கம்போல இரண்டு தண்ணீரில் அலசி, தாங்கியில் நிறுத்தினாள். "நல்ல கண்ணாடி. இன்னொண்ணுக்கு ஆகும்" என்றாள். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

வேலையை விடவில்லை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் கழுவினாள். ஆனால் நடை மாறிவிட்டது. கம்பளிக் காலணியைத் தூர எறிந்துவிட்டு, ஆணி அடித்த குதிகால் செருப்பு போட்டுக்கொண்டாள். எந்திர அறை இருந்த பக்கமே அவளை விடமுடியாமல், கழுவும் அறையை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். மேலதிகாரி ஒருவர், "அம்மா, கொஞ்சம் மெதுவா நடக்கக்கூடாதா?" என்று கேட்டதற்கு, "மெதுவா நடந்தாச்சு" என்றாளாம்.

யார் வீட்டுக் கதவையும் இடிப்பாள். உடனே பதில் வராவிட்டால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். புதுசாகக் கல்யாணமான என் நாத்தனார் மகன் வீட்டில் ஒருமுறை இப்படிப் புகுந்து பெரிய ரகளை. அவனுக்கு விஷயத்தைச் சொல்லி அடக்க நான் பட்ட பாடு.

எங்கள் வீட்டுக்கு வாரம் ஒரு தடவையாவது வருவாள். மதிய வேலைநேரம் முடிந்து ஸூஃபர் படுத்திருப்பார். நேரே உள்ளே போய் அவர் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ஆரம்பத்தில் அவர் பதறி எழுந்து, "அண்ணி, உயிரோடதான் இருக்கேன், தூங்க விடுங்க" என்று கத்துவார். "கத்தறியா, நல்லது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து உட்காருவாள். நான் தேநீர் ஊற்றுவேன். கஷ்ஷாஃப் பேச்சை எடுக்க மாட்டாள். அந்த வாரம் யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யாருக்குச் சம்பந்தம் முடிந்தது என்று பேசுவோம்.

பிறகு ஸூஃபரே ஒரு வழக்கம் செய்துகொண்டார். மாடிப்படியில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதும், எவ்வளவு அசந்த தூக்கமானாலும், உள்ளேயிருந்து உரக்க இருமுவார். அந்த இருமல் கேட்ட பிறகு சாஜிதா எங்கள் வாசலில் நின்று நிதானமாகச் செருப்பைக் கழற்றுவாள்.